தொடர்புகளுக்கு

பலெர்மோவில் எங்கள் ஆட்களில் யார் செத்தாலும் மரண அறிவித்தல் என் கணவரின் கையால்தான் போகவேண்டும். அவர் பெயர் எமிலியானுஸ். வுச்சீரியாச் சந்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறார். ஆனால் கடைக்கு வெளியே அவருக்கு இருக்கிற மரியாதையே வேறு. செத்தவரின் படத்தை வாங்குவார். பின்னால் இருக்கிற கலியாண மண்டபத்தை அழித்துவிட்டு மேகம் போடுவார். மூலையில் மாதாவையோ குத்துவிளக்கையோ ஆளுக்கேற்ற மாதிரி வைப்பார். அன்னாரின் பிள்ளைகள் யார், என்ன தொழில், எந்த ஊரில் என்று அடைப்புக்குறி போட்டு வரிசையாக எழுதி, கடைசியில் ‘தொடர்புகளுக்கு’ என்று தொலைபேசி எண்களைக் கொடுத்து முகநூலில் ஏற்றிவிடுவார். இதற்கு ஒரு சதமும் வாங்கமாட்டார். உயிரோடு இருக்கிற பெண்சாதி சொல்வதைக் காதில் வாங்காத மனுஷன், செத்தவரின் ஒன்றுவிட்ட சகோதரர்களைக்கூட விடாமல் விசாரித்து எழுதுவார்.

நான் மரியமலர். மன்னார் ஆள். நகரத்தின் சீசா என்கிற பகுதியில் எங்கள் வீட்டில் ஓர் அறையை பெர்பேத்துவாவுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். கமரூன் நாட்டுக்காரி. வயோதிபர் இல்லமொன்றில் அவளும் நானும் ஒரே வேலை. கிழவர்களைக் குளிப்பாட்டுவோம், ஊட்டிவிடுவோம், அவர்களிடம் ஏச்சும் வாங்குவோம். எங்களுக்குள் இத்தாலிய மொழியில்தான் பேச்சு. இரண்டு பேருக்கும் பிழை பிழையாகத்தான் வரும் என்பதால் ஒருவரையொருவர் நன்றாகவே விளங்கிக்கொண்டோம். அவளுடைய அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. ஆறு மாதத்துக்கொருமுறை பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்துரா என்கிற பொலிஸ் தலைமையகத்தின் வாசலில் விடியற்காலையிலேயே போய் நிற்பாள்.

2017ஆம் ஆண்டு தொடங்கியதும் அவளுடைய ஊர்ப்பக்கம் இணையத்தை வெட்டிவிட்டார்கள். நாடு முழுக்க அல்ல. பிரெஞ்சு பேசுகிற பக்கம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஆங்கிலம் பேசுகிற பக்கத்துக்கு மட்டும் இல்லை. அங்கே வக்கீல்மாரும் ஆசிரியர்மாரும் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். சமூக வலைத்தளத்தில் பொய்ச்செய்தி பரப்பினால் சிறை என்று எல்லோருடைய போனுக்கும் குறுஞ்செய்தி வேறு வந்ததாம். பெர்பேத்துவாவின் தம்பி சிரில் ஓர் ஆசிரியன். பொலிஸ்காரர் மாணவர்களைச் சேற்றில் உருட்டி அடித்ததை அவன் படம் பிடித்துப் போட்டிருந்தான். அன்றிலிருந்து அவன் வீட்டில் இல்லை என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வன்னியைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு இப்படியான இடத்தில் கேள்வி கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. என் கணவருக்கு மட்டும் சொல்லித்தந்திருக்க வேண்டும்.

பெர்பேத்துவாவின் தாய் பமெண்டா நகரத்தில் இறந்துபோனாள். செய்தி வந்தபோது அடக்கமே முடிந்திருந்தது. பெர்பேத்துவா இரண்டு நாள் அறைக்குள்ளேயே கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான் இழுத்துக்கொண்டு வந்து குசினியில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். எமிலியானுஸ் பூசையிலிருந்து வந்து அவளுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“அம்மான்ர முழுப்பேர் என்ன தங்கச்சி?”

சொன்னாள்.

“பிள்ளையள் ஆர் ஆர்? எங்கையெங்கை இருக்கினம்?”

அதையும் சொன்னாள். அக்கா ஒருத்தி பமெண்டாவில், தான் இங்கே, தம்பி சான்டா என்கிற ஊரில் ரெஜினா மாமி வீட்டில். எங்கள் கோயிலில் செத்தவர்களுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கும்போது வீட்டாரின் பெயர்களை வாசிப்பது வழக்கம். அவளும் இரண்டொரு முறை என்னோடு வந்து அதைக் கேட்டிருக்கிறாள். அதற்காகத்தான் கேட்கிறார் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

“சொந்தக்காரரோட கதைக்க ஒரு நம்பர் தாரும். துக்கம் விசாரிக்கோணுமெல்லே.”

அவள் தன் போனைப் பார்த்து ரெஜினா மாமியின் நம்பரை வாசித்தாள். அழுது வீங்கிய கண்ணோடு, தன்னை ஒருவர் இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறார் என்கிற நன்றியில் வாசித்தாள்.

அவளுடைய முகநூலில் இருந்த தாயின் படத்தை எடுத்து, அவளை மகிழ்ச்சிப்படுத்த வேண்டுமென்று அவர் இரவிரவாக இருந்து செய்திருக்கிறார். எனக்குக்கூடக் காட்டவில்லை. தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. தமிழில் மட்டும் போட்டிருந்தால் அந்த நாட்டில் ஒரு பொலிஸ்காரனாலும் வாசித்திருக்க முடியாது. அவளுடைய சனத்துக்கு விளங்கவேண்டாமா என்று ஆங்கிலத்திலும் போட்டார். திங்கள் காலை நாங்கள் வேலைக்குப் போன கையோடு இரண்டையும் ஏற்றி, அவள் பெயரையும் அதில் கோத்துவிட்டார்.

மத்தியான ஓய்வில் உடுப்பு மாற்றுகிற அறையில் அவள் போனைத் திறந்தாள். தாயின் முகத்தைக் கண்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல படம், மேகத்துக்கு நடுவில் அந்த மனுஷி ஒரு மகாராணி போல இருந்தாள். “மலர், இஞ்சை பார், என்ர அம்மா” என்றாள். பிறகு விரலால் கீழே தள்ளினாள். ஆங்கிலத்தில், கொட்டை எழுத்தில், ‘சிரில் (ஆசிரியர், சான்டா)’ என்று இருந்தது. அதற்கும் கீழே ‘தொடர்புகளுக்கு: சிரில், மாமி ரெஜினா வீடு’ என்று அந்த நம்பர்.

அவள் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். என் கையைப் பிடித்து, “இதை எடு, இதை எடு” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு விஷயம் விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. அங்கே அடையாள அட்டை காட்டிப் பதியாமல் ஒரு சிம்மும் வாங்க முடியாதாம். நம்பர் தெரிந்தால் ஆள் தெரியும், ஆள் தெரிந்தால் வீடு தெரியும். இத்தனை நாளும் அவனைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு, அவன் எந்த ஊரில், யார் வீட்டில், எந்த நம்பரில் இருக்கிறான் என்று மாதாவின் படத்தோடு நாங்களே எழுதிக் கொடுத்திருந்தோம்.

நான் எமிலியானுஸுக்குக் கோல் எடுத்தேன். அவர் குரலில் பெருமை வழிந்தது.

“பாத்தனீரோ? அவளின்ர ஆக்கள் எத்தினை பேர் பகிர்ந்திருக்கினம் எண்டு பாரும். அமெரிக்காவில இருந்தெல்லாம் எழுதியிருக்கினம்.”

“இப்பவே அழியுங்கோ.”

“ஏன், எழுத்துப்பிழை ஏதும் விட்டிட்டனோ?”

எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். இத்தாலியக் கிழவிகள் எட்டிப் பார்த்தார்கள். அவர் அழித்தார். ஆனால் சனம் வெறுமனே பகிர்ந்துவிட்டிருக்கவில்லை. படத்தைத் தங்கள் போனில் இறக்கித் தாங்களே தனியாகப் போட்டிருந்தார்கள். அமெரிக்காவில் இருக்கிற அவர்களின் ஊர்ச் சங்கம் அதைத் தன் பக்கத்தின் தலையிலேயே வைத்திருந்தது. பெர்பேத்துவா ஒவ்வொருவருக்கும் கோல் எடுத்துக் கெஞ்சினாள். சிலர் உடனே அழித்தார்கள். சிலர் உறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, “செத்த தாயை மறைக்கிற பிள்ளையும் இருக்கோ” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தும் நான் விடவில்லை.

“முகாமில பேரைப் பதியுங்கோ, ஒண்டும் செய்யமாட்டம் எண்டு ஆமிக்காரங்கள் சொன்னவங்கள். என்ர சித்தியின்ர மகன் போய்ப் பேர் குடுத்தவன். இண்டைக்கு வரைக்கும் அவனைக் காணேல்லை. இதெல்லாம் தெரிஞ்ச நீங்கள், ஒளிச்சிருக்கிற பெடியன்ர விலாசத்தைப் போடுவியளோ?”

“ஒளிச்சிருக்கிறான் எண்டு எனக்கு ஆர் சொன்னது மலர்? செத்தவீட்டில நம்பர் போடாட்டி அநாதைப் பிரேதம் எண்டெல்லே சனம் நினைக்கும்.”

அவர் சொன்னது பொய்யில்லை. நாங்கள் அப்படித்தான் பழகியிருக்கிறோம். பிள்ளைகள் உலகமெல்லாம் சிதறிக் கிடப்பதால், யார் எங்கே என்று எழுதுவதுதான் எங்களுக்குச் செத்தவீடு. அது விளங்கியதும் எனக்குக் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. குற்றவாளி என்று பிடித்து உலுக்க ஒரு கெட்டவனாவது கிடைத்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

இனி இருந்தது ஒரே ஒரு வேலை. சிரில் அந்த வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். அதை அவனுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

அவனோடு தொடர்புகொள்ள அவர்களுக்கென்று ஒரு முறை இருந்தது. சான்டாவிலிருந்து மாமியின் மகன் பிலிக்ஸ் சந்தை நாட்களில் கரட், உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு லொறியில் பிரெஞ்சுப் பக்கம் போவான். மாமியின் போனையும் கொண்டுபோவான். எல்லை தாண்டியதும் அதற்கு இணையம் கிடைக்கும். வந்த செய்திகள் எல்லாம் விழும். பதிலும் அங்கிருந்தே போகும். தாய் செத்த செய்தியும் அப்படித்தான் வந்தது. நேரடியாகக் கோல் எடுக்கவே கூடாது என்பது சிரில் போட்ட கட்டளை. வெளிநாட்டிலிருந்து வருகிற கோலைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று அவன் நம்பினான். எமிலியானுஸ் நம்பர் கேட்ட அன்று அழுகையில் அவளுக்கு அதுவும் மறந்துபோயிருந்தது. அடுத்த சந்தை வியாழக்கிழமை.

“உடனே வெளிக்கிடு, மாமியின்ர போனை எறி, ஆரிட்டையும் சொல்லாதை.” பெர்பேத்துவா எழுதி அனுப்பினாள். பக்கத்தில் ஒற்றைச் சரி மட்டும் விழுந்தது. போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அதை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாலும் இரண்டாவது விழப்போவதில்லை என்று தெரியும். தெரிந்தும் பார்த்தாள்.

பமெண்டாவில் இருக்கிற அக்காவின் பெயரும் அறிவித்தலில் இருந்ததால், அங்கே தாயின் பக்கத்து வீட்டுக்காரிக்கு மட்டும் துணிந்து ஒரு கோல் எடுத்தாள். வெளிப்படையாகச் சொல்லப் பயம். “நீ சான்டாவுக்கு மரக்கறி வாங்கப் போறேல்லையோ? மாமியின்ர கரட்டில பூச்சி, எல்லாத்தையும் இண்டைக்கே கிண்டி எடுக்கச் சொல்லன்” என்று சுற்றி வளைத்துச் சொன்னாள். அந்த மனுஷிக்குத் துண்டற விளங்கவில்லை. திங்களும் செவ்வாயும் ஹர்த்தால், ஒரு வாகனமும் ஓடாது, கரட்டுக்கு இப்ப என்ன அவசரம், முதல் உன் அம்மாவுக்காக மன்றாடு என்று புத்தி சொல்லிவிட்டு வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் பொய் சொல்லிவிட்டு, அவளுடைய அகதி வழக்கைப் பார்க்கிற பெண் வழக்கறிஞரிடம் போனோம். வியா மக்வேதாத் தெருவில் சப்பாத்துக்கடை ஒன்றுக்கு மேலே அவருடைய அலுவலகம். நல்ல மனுஷி. எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

“ஐரோப்பாவில் சட்டம் இருக்கிறது” என்றார். “ஒருவருடைய சொந்த விபரத்தை நீக்கும்படி கேட்கலாம். தேடுபொறிகளும் நீக்கவேண்டும். நான் இன்றைக்கே எழுதுகிறேன்.”

“எவ்வளவு நாளாகும் சிஞ்ஞோரா?” என்று கேட்டேன்.

“வாரக்கணக்காகும். அதோடு, இங்கிருந்து தேடுகிறவர்களுக்குத்தான் அது மறையும். கமரூனில் இருந்து தேடுகிறவருக்கு மறையாது.”

“அங்கத்தைச் சட்டம்?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சிம்மைப் பதியவேண்டும் என்பதற்கு அங்கே சட்டம் இருக்கிறதாம். பதிந்த விபரத்தை இன்னார்தான் பார்க்கலாம், இன்னார் பார்க்கக் கூடாது என்று காப்பாற்றுகிற சட்டம் இல்லையாம். பிடிபட்டால் பயங்கரவாதச் சட்டத்தின்கீழ் இராணுவ நீதிமன்றத்துக்கும் கொண்டுபோகலாமாம். இவ்வளவையும் மிக மென்மையான குரலில் சொன்னார்.

“மறையவேண்டிய இடத்தில மறைக்கேலாத சட்டத்தை வைச்சு நாங்கள் என்ன செய்யிறது?” என்று நான் கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது. பாவம், அவர் என்ன செய்வார். பெர்பேத்துவா என் கையைப் பிடித்து அழுத்தி, “நாங்கள் கோல் எடுக்கலாமோ, கூடாதோ? அதை மட்டும் சொல்லுங்கோ” என்றாள்.

“அதை நான் சொல்ல முடியாது” என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. “எடுத்தால் காட்டிக்கொடுக்கலாம். எடுக்காவிட்டால் எச்சரிக்காமல் விடலாம். இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது.”

புதன்கிழமை முழுக்க அந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து செத்தோம். எடு என்று நான் சொன்னேன். ஒருவேளை அவர்கள் அறிவித்தலைக் காணாமலே இருக்கலாம், நாங்கள் கோல் எடுத்து நாங்களே காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று அவள் சொன்னாள். அவள் எடுப்போம் என்று எழும்பியபோது, நாளைக்குச் சந்தைதானே, ஒரு இரவு பொறுப்போம் என்று நானே தடுத்தேன். எமிலியானுஸ் வேலைக்குப் போகவில்லை. மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளில் நின்றார். “எழும்புங்கோ, மாதாவையும் சேர்த்தெல்லே அந்த அறிவித்தலில போட்டனீங்கள்” என்று சொன்னேன். அவர் எழும்பவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. முப்பது வருஷம் வாழ்ந்த மனுஷனை அப்படிக் குத்தினேன் என்று பிறகு எனக்கே நெஞ்சு வலித்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை.

வியாழன் விடிந்தது. பிலிக்ஸ் காலையிலேயே எல்லை தாண்டிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். நாங்கள் மூன்று பேரும் குசினி மேசையில் போனை வைத்துச் சுற்றியிருந்தோம். கீழே தெருவில் பழக்காரன் ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போனான். மத்தியானம் ஆனது. இரண்டாவது சரி விழவில்லை. பிலிக்ஸ் போகவில்லை, அல்லது போன் அவனிடம் இல்லை. மூன்றாவது ஒன்றை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

“எடுக்கிறன்” என்றாள் பெர்பேத்துவா. “என்ர போனில இருந்து வேண்டாம்.”

ஸ்டேசனுக்குப் பக்கத்தில் பங்களாதேஷ்காரர் ஒருவரின் தொலைபேசிக் கடைக்குப் போனோம். கண்ணாடிக் கதவு போட்ட மரக்கூண்டுகள் வரிசையாக இருந்தன. அவளோடு நானும் உள்ளே நெருக்கிக்கொண்டு நின்றேன். எமிலியானுஸ் வெளியே கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். தெரியாத குரல் எடுத்தால் ஒரு சொல்லும் பேசாமல் வைத்துவிடுவது என்று முதலே பேசிக்கொண்டோம். ரிசீவரை இருவர் காதுக்கும் நடுவில் பிடித்தாள்.

மணி அடித்தது. நெடுநேரம் அடித்தது. பிறகு ஓர் ஆண் எடுத்தான். ஆங்கிலத்தில் பேசினான், ஆனால் மூக்கால் பேசுகிற பிரெஞ்சுப் பக்கத்தாரின் ஆங்கிலம். எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட ஆங்கிலத்துக்கே எல்லாம் விளங்கியது, அவ்வளவு நிதானமாகப் பேசினான்.

“வணக்கம். யார் பேசுவது?”

நான் அவள் முழங்கையை இடித்தேன். வைத்துவிடு என்று வாயசைத்தேன். அவள் வைக்கவில்லை. அவளால் முடியவில்லை. அந்தக் குரலுக்குப் பின்னால் எங்கோ தன் தம்பி இருக்கிறானா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“இத்தாலியா?” என்றான் அவன். “காத்திருந்தோம். இதோ, இவரோடு பேசுங்கள்.”

ஏதோ உரசுகிற சத்தம். பிறகு இன்னொரு குரல். இளம் குரல், களைத்த குரல். அவள் ரிசீவரைக் காதோடு இறுக்கிப் பிடித்ததிலேயே அது யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“அம்மணி, நீங்கள் பிழையான நம்பருக்கு எடுத்திருக்கிறீர்கள். எனக்கு வெளிநாட்டில் யாரும் இல்லை. எனக்கு அக்கா இல்லை.” பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்வது போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

பெர்பேத்துவா கையால் வாயைப் பொத்தினாள்.

முதல் ஆள் அருகிலிருந்து வாசிக்கத் தொடங்கினான். தெரேசியா அம்மையாரின் அன்பு மக்கள். பமெண்டாவில் இருக்கிற அக்காவின் பெயர், அவள் புருஷனின் பெயர். பெர்பேத்துவா, பலெர்மோ, இத்தாலி. “இது யார்?” என்று கேட்டான்.

“தெரியாது” என்றான் சிரில். “அப்படி ஒருவரை எனக்குத் தெரியாது.”

அடி விழுந்தது. கையாலா வேறெதாலா என்று தெரியவில்லை. அவன் சத்தமே போடவில்லை. மூச்சு மட்டும் சிதறிக் கேட்டது. மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் தெரியாது என்றான். மறுபடியும் விழுந்தது. நான் ரிசீவரைப் பிடுங்கப் பார்த்தேன். அவள் விடவில்லை.

“நான்தான்” என்றாள். “நான்தான் அவன்ர அக்கா. பெர்பேத்துவா. அவனை அடிக்காதேங்கோ. கேக்கிறதை என்னட்டைக் கேளுங்கோ.”

அந்தப் பக்கம் அமைதியானது. யாரோ எழுதிக்கொள்கிற அளவு நேரம் அமைதியாக இருந்தது.

“நன்றி, மேடம்” என்றான் முதல் ஆள். “உங்கள் தாயாரின் இழப்புக்கு எங்கள் அனுதாபங்கள்.”

அப்போது சிரில் தூரத்திலிருந்து ஏதோ கத்தினான். ஆங்கிலம் இல்லை, அவர்களின் சொந்தப் பாஷை. ஒரு வசனம்தான் இருக்கும். அதோடு கோல் அறுந்தது. அவள் திரும்ப எடுத்தாள், எடுத்தாள், நம்பர் போகவில்லை.

எமிலியானுஸ் கதவைத் திறந்தார். அவள் பேசியதைக் கண்ணாடிக்கூடாகப் பார்த்துக்கொண்டு நின்றவர், கிடைத்துவிட்டது என்று நம்பியிருக்கிறார். முகம் அப்படியே மலர்ந்திருந்தது.

“தம்பி கதைச்சவரோ? என்ன சொன்னவர்?”

அவள் ரிசீவரை இன்னும் நெஞ்சோடு பிடித்திருந்தாள். அவரைப் பார்த்துத்தான் சொன்னாள். கோபம் இல்லாமல், ஒரு செய்தியைச் சொல்வது மாதிரி.

“‘ஏன் சொன்னனி அக்கா, இனி உனக்கு அம்மான்ர குழிக்கு வர ஏலாதெல்லே’ எண்டு சொன்னவன்.”